மூன்று பூட்டுப் போட்ட கணினி அறை

புதிதாகக் கணினி ஆசிரியர் நியமனம் பெற்று வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டார்கள். ஓய்வு பெற்றவர்களிடம் இப்படிக் கேட்பது வழக்கம், நாங்களும் மறுப்பதில்லை. ஆனால் நான் படித்த இயங்குதளங்களும் பழக்கிய மென்பொருள்களும் என்னோடு சேர்ந்தே ஓய்வு பெற்றுவிட்டன. அவற்றை எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆகவே ஒரு கதவைப் பற்றி எழுதுகிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தடவை நியமனம் பெற்றவர்களில் ஒருத்தி என் மகள் சங்கவி. நேரில் சொன்னால் "அம்மா, இத நூறு தரம் சொல்லிட்டீங்க" என்று எழும்பிப் போய்விடுவாள். அச்சில் வந்தால் ஒருவேளை வாசிப்பாள். இந்தக் கதை நடந்தபோது கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவளும் அவள்தான். அன்று எனக்குப் பிடித்த நடுக்கம் இன்னும் முழுதாக விடவில்லை. அவளுக்கு அது எப்போதோ பகிடியாகிவிட்டது.

அப்போது நான் வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஓர் ஊரில் படிப்பித்தேன். ஊரின் பெயர் வேண்டாம். அந்த ஊரார் இன்றைக்கும் என்னைக் கண்டால் ஒரு பை மீன் தராமல் அனுப்புவதில்லை. நாவற்குடாவிலிருந்து நானும் சங்கவியும் ஒரே பஸ்ஸில் போய் வருவோம். பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. நான்தான் வேண்டாம் என்றேன். பிள்ளை என் கண் முன்னால் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அவள் பத்தாம் தரத்துக்கு வந்த ஆண்டில் எங்கள் பாடசாலைக்குக் கணினிகள் வந்தன. லொறி சந்தியில் திரும்பியதுமே சின்னப் பிள்ளைகள் பின்னால் ஓடி வந்தார்கள். இறக்கி வைத்த பெட்டிகளை ஊர் முழுக்க வந்து பார்த்தது. வாவிக்கரைப் பக்கம் கடைசியில் இருந்த வகுப்பறையைக் கணினி அறையாக்கினோம். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் உற்சாகத்தோடு வேலையில் இறங்கியது. சன்னல்களுக்குக் கள்ளர் வராமல் கிறில் அடித்தார்கள். உப்புக்காற்றுப் படாமல் கிறிலுக்கு மேல் பலகை அடித்தார்கள். புதுக் கதவு போட்டார்கள். பிறகு கதவை எப்படிப் பூட்டுவது என்று கூட்டம் வைத்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் பேசியவர் ஊர் அம்மன் கோயிலின் வண்ணக்கர். கோயிலைப் பொறுப்பாகப் பார்ப்பவரை எங்கள் பகுதியில் அப்படித்தான் அழைப்போம். கம்பீரமான மனிதர், அவர் இருமினால் கூட்டம் அமைதியாகும்.

"அம்மன்ட நகைப் பெட்டிக்கு எத்தின பூட்டு?" என்று கேட்டார்.

"மூண்டு" என்றது கூட்டம்.

"திறப்பு ஆருட்ட?"

"மூண்டு பேரிட்ட."

"எங்கட அப்பன் பாட்டன் காலத்தில இருந்து ஒரு மூக்குத்தி காணாமப் போயிரிக்கா?"

போகவில்லை. அது உண்மை. ஆண்டுக்கு ஒருமுறை சடங்கு தொடங்கும்போது திறப்பு, அதாவது சாவி, வைத்திருக்கும் மூவரும் ஒன்றாக வந்து நின்றால்தான் அந்தப் பெட்டி திறக்கும். அதே ஒழுங்கு கணினி அறைக்கும் என்று தீர்மானித்தார்கள். ஒரு திறப்பு வண்ணக்கரிடம். இரண்டாவது மீனவர் சங்கத் தலைவரிடம். மூன்றாவது பழைய மாணவர் சங்கத் தலைவரிடம்; அவருக்குப் பட்டணத்தில் கடை இருந்தது. அதிபரிடம் ஒரு திறப்பும் இல்லை. என்னிடமும் இல்லை.

நான் எழும்பிச் சொன்னேன், "ஐயா, அம்மன் நகை வருசத்துக்கு ஒருக்காத்தான் வேணும். எனக்குக் கிழமைக்கு அஞ்சு நாளும் வகுப்பு இருக்கு."

"நகைய விட இது பெறுமதி டீச்சர்" என்றார் வண்ணக்கர். "நகையில படிப்பு வருமா?"

கூட்டம் கை தட்டியது. என் கேள்விக்கு அது பதில் இல்லைதான். கைதட்டல் விழுந்த பிறகு அதை எடுத்துச் சொல்ல இடம் கிடைக்கவில்லை.

மூன்று ஆமைப்பூட்டும் கதவில் ஏறின. வண்ணக்கர் வெள்ளாமைக்காரர், அவருடைய வட்டை, வயல்வெளி, வாவிக்கு அப்பால் படுவான்கரையில். காலையில் வயலுக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவார். மீனவர் தலைவர் தோணியில் போனால் காற்றைப் பார்த்துத்தான் வருவார். பட்டணத்துக் கடைக்காரர் எப்போது வருவார் என்று அவர் வீட்டிலேயே தெரியாது. மூவரும் ஒன்றாக இருக்கும் நேரம் ஊரின் மற்றக் கோயிலில் நடக்கும் வெள்ளிக்கிழமை காலைப் பூசை ஒன்றுதான். பூசை முடிந்ததும் திருநீறு காயுமுன்னே பாடசாலைக்கு வந்து திறப்பார்கள். இடைவேளை மணியோடு மூவரும் வந்து பூட்டுவார்கள். ஆறாம் தரத்திலிருந்து பதினோராம் தரம் வரை எல்லா வகுப்பும் அந்த ஒரு காலைக்குள் கணினியைத் தொட்டுவிட்டு வர வேண்டும். தொட்டார்கள், அவ்வளவுதான்.

பிறகு இணைய இணைப்பு வந்தது. ரவுட்டரை அறைக்குள் பொருத்திவிட்டுப் போனார்கள். அதற்குப் பூட்டுப் போட முடியவில்லை. அலை சுவரைத் தாண்டி வெளியே வந்தது. அறையின் பின்சுவரோரம், தண்ணீர்க் குழாயடியில் நல்ல சிக்னல். இடைவேளையில் ஆசிரியர்கள் எல்லோரும் கை கழுவப் போவதாகச் சொல்லி அங்கே போய் நிற்பார்கள். சமூகக்கல்வி ஆசிரியர் ஒருநாள் அரை மணித்தியாலம் கை கழுவினார். எங்கள் பாடசாலைக்கு இணையம் இப்படித்தான் வந்தது: கணினிகள் உள்ளே பூட்டிக் கிடக்க, இணையம் வெளியே குழாயடியில்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சகித்தேன். சகித்துக்கொண்டே இருந்திருப்பேன். அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

விளையாட்டுப் போட்டிக் காலம். மைதானத்தில் பாண்ட் வாத்தியப் பயிற்சி. இடைவேளை மணி அடித்தது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கணினி அறையில் பத்தாம் தரம். சங்கவியும் அவள் கூட்டாளி டிலக்ஷியும் கடைசி வரிசை மேசைகளுக்கு அடியில் ஊர்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு கணினிக்கு இணைப்பு வரவில்லையாம். வயர் எங்கே கழன்றிருக்கிறது என்று தேடினார்கள். டிலக்ஷி வண்ணக்கரின் பேத்தி. மகள் வயிற்றுப் பிள்ளை, அவர் தோளில் வளர்ந்தவள்.

மற்றப் பிள்ளைகள் வெளியே ஓடினார்கள்; எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று நினைத்து நானும் பின்னால் போனேன். திறப்புக்காரர் மூவரும் வந்தார்கள். அன்று மூவருக்கும் அவசரம். ஒருவர் வயலுக்கு, ஒருவர் தோணிக்கு, ஒருவர் கலியாண வீட்டுக்கு. பூட்டினார்கள், போனார்கள். யாரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. நகைப் பெட்டியைப் பூட்டும்போது உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று எவர் கேட்பார்?

நான் ஏழாம் தரத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கைப்பைக்குள் கைத்தொலைபேசி ஒலித்தது. வகுப்பில் நான் அதை எடுப்பதில்லை. மறுபடி ஒலித்தது, எடுத்துப் பார்த்தேன். மின்னஞ்சல். பாடத்துக்காக நானே சங்கவிக்குத் திறந்து கொடுத்த கணக்கிலிருந்து வந்திருந்தது.

"அம்மா, நாங்கள் உள்ளே. மூன்று பூட்டும் பூட்டியாச்சு. கத்தினோம், பாண்ட் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. யு.பி.எஸ் ஒன்று வீங்கிப் புகைகிறது. கூழ்முட்டை மணம். பிளக்கைக் கழற்றிவிட்டேன், நிற்கவில்லை. டிலக்ஷி அழுகிறாள். நான் அழவில்லை."

அந்த அறையிலிருந்து வெளியே போன முதல் உருப்படியான செய்தி அதுதான். நான் எப்படி ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. ஒரு செருப்பு வகுப்பு வாசலில் கிடந்ததாகப் பிள்ளைகள் பிறகு கொண்டுவந்து தந்தார்கள்.

உங்களுக்குச் சொல்ல வேண்டிய இடம் இது. யு.பி.எஸ்ஸுக்குள் பற்றரி இருக்கிறது. பிளக்கைக் கழற்றினாலும் பழுதான பற்றரி தன்பாட்டில் சூடாகும். அந்த மணம் மூடிய அறைக்குள் நின்று சுவாசிக்கக் கூடியதல்ல. எனக்கு அது தெரியும். தெரிந்ததால் மற்றவர்களை விட எனக்குப் பயம் அதிகம்.

முதலில் விறாந்தையில் இருந்த மெயின் சுவிட்சை நிறுத்தினேன். பிறகு கதவடிக்குக் குனிந்து கூப்பிட்டேன்.

"சங்கவி!"

"ஓம் அம்மா."

குரல் சாதாரணமாக இருந்தது. கடையில் பாண் இருக்கிறதா என்று கேட்டால் சொல்லும் 'ஓம்'.

"தண்ணி ஒண்டும் ஊத்தாத. தும்புத்தடியால அந்தப் பெட்டியத் தூர மூலைக்குத் தள்ளு. தள்ளிட்டு ரெண்டு பேரும் கதவடிக்கு வந்து குந்துங்க. மூக்கில துணியப் பிடிங்க."

"தள்ளிட்டன் அம்மா. கதவடியிலதான் இருக்கிறம். இப்ப உள்ளுக்க ஒரே இருட்டு."

"பயப்பிடாத."

"நான் பயப்பிடல்ல. நீங்க கத்தாதீங்க, டிலக்ஷி பயப்பிடுறாள்."

அதிபர் ஓடி வந்தார். நல்ல மனிதர், அந்த ஊருக்குப் புதியவர். வந்த வேகத்திலேயே வண்ணக்கருக்குத் தொலைபேசி எடுத்தார். பதற்றத்தில் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டார், எல்லோருக்கும் கேட்டது.

"வண்ணக்கர் ஐயா, எங்க நிக்கிறீங்க?"

"வட்டையில நிக்கன் சேர். ஏன்?"

"கணினி அறையத் திறக்கணும்."

"இண்டைக்குத் திறந்து பூட்டியாச்சே சேர். இனி வாற வெள்ளிதானே."

"ஐயா, உங்கட பேத்தி உள்ளுக்க. பூட்டுப்பட்டுட்டாள். புகை வருது."

மறுமுனையில் சேற்றில் யாரோ ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. தொலைபேசியை நிறுத்தக்கூட இல்லை.

மீனவர் தலைவரின் தொலைபேசியை அவர் மனைவி எடுத்தார். "அவர் ஆத்துக்குப் போயிட்டார் சேர். போனு இஞ்ச சார்ஜில கிடக்கு." வாவியை ஊரில் ஆறு என்றுதான் சொல்வார்கள். திறப்பு எங்கே என்று அதிபர் கேட்டார். "அது அவர்ர அரைஞாண் கயித்தில" என்றார் அவர். மூன்றாமவரின் தொலைபேசியில் மேளச் சத்தம்தான் கேட்டது. நடுவே ஒரு குரல், "தாலி கட்டுற நேரம் சேர், சாப்பிட்டுட்டு வாறன்" என்றது.

அதிபர் என்னைப் பார்த்தார். "கொஞ்சம் பொறுப்பமா டீச்சர்? வண்ணக்கர் வாறார்."

"வந்து அவர்ர ஒரு பூட்டத்தானே சேர் திறப்பார்?"

"அது சரி. ஆனா பூட்ட உடைச்சா ஊர் ரெண்டுபடும். மற்ற ரெண்டு பேரும் என்ன சொல்லுவாங்க?"

அவரைக் குறை சொல்லாதீர்கள். மூன்று பூட்டும் மூன்று பேருடைய மரியாதை. எந்தப் பூட்டை உடைப்பது என்பதே அடுத்த பத்து வருடத்துக்குச் சண்டையாகும் ஊர் அது. ஆனால் கதவின் இடுக்கால் அந்த மணம் எனக்கு வந்துகொண்டிருந்தது. கோடரி எடுத்து வரச் சொல்ல வாய் திறந்தேன்.

அப்போது கதவுக்குள்ளிருந்து சங்கவி சொன்னாள்: "அம்மா, பூட்டுப் பக்கம் விடுங்க. மற்றப் பக்கம் பாருங்க."

"என்ன மற்றப் பக்கம்?"

"இருட்டில நல்லாத் தெரியுது. பிணைச்சல் பக்கம் மேலயும் கீழயும் வெளிச்சம் வருது. பிணைச்சல் வெளிப்பக்கம்தானே அடிச்சிருக்கு? ஸ்குரூவக் கழட்டுங்க."

நான் பார்த்தேன். அதிபரும் பார்த்தார். பூட்டு மூன்றும் உறுதியான பித்தளை. மறுபக்கத்தில், வெளியே, எவர் கண்ணுக்கும் படும்படி, கதவைச் சட்டத்தோடு சேர்க்கும் கீல்கள், இரண்டு தகரப் பிணைச்சல். நாங்கள் எத்தனை வெள்ளிக்கிழமை அந்தக் கதவுக்கு முன்னால் காத்து நின்றிருப்போம். எங்கள் எல்லோருடைய கண்ணும் பூட்டிலேயே இருந்தது.

கைப்பையில் ஸ்குரூ டிரைவர் எப்போதும் வைத்திருப்பேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைப் பயிற்றிய ஓர் ஆலோசகரின் பழக்கம் அது. தொழில் பற்றி அவர் சொன்ன வேறொன்றும் எனக்கு நினைவில்லை. இது மட்டும் ஒட்டிக்கொண்டது.

கீழ்ப் பிணைச்சல் இலகுவாகக் கழன்றது. மேல் பிணைச்சல் உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகியிருந்தது. இரண்டு கையாலும் திருகிப் பார்த்தேன்.

"கிறுகுதில்ல" என்றேன்.

"எண்ணெய் விடுங்க டீச்சர்" என்றார் அதிபர். சொல்லிவிட்டு அவரே ஓடினார். அதிபர் அறையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கை அணைத்து, அப்படியே எண்ணெயோடு ஏந்தி வந்தார். அவர் வெள்ளைச் சட்டையெல்லாம் எண்ணெய். ஸ்குரூவில் ஊற்றினோம். அவர் சப்பாத்தைக் கழற்றி ஸ்குரூ டிரைவரின் பிடியில் தட்டினார், நான் திருகினேன். உள்ளே டிலக்ஷி இருமும் சத்தம் கேட்டது.

"அம்மா" என்றாள் சங்கவி. இந்தத் தடவை குரல் வேறு மாதிரி இருந்தது. "கெதியாச் செய்யுங்க."

ஸ்குரூ கிறுகியது.

கதவைப் பிடித்து இழுத்தோம். அது பிணைச்சல் பக்கமாகத் திறந்தது. மூன்று பூட்டும் பூட்டியபடியே கிடந்தன. அவற்றையே பிணைச்சலாக வைத்துக் கதவு மறுபுறமாகச் சுழன்று வந்தது. புகை வெளியே வந்தது. புகையோடு டிலக்ஷி, அவளைப் பிடித்துக்கொண்டு சங்கவி. நான் இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டு விறாந்தையில் உட்கார்ந்தேன்.  இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தோம், ஒன்றுமில்லை என்றார்கள். டொக்டர் என்னைப் பார்த்துத்தான் "நீங்க கொஞ்சம் படுங்க" என்றார்.

ஆனால் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுமுன் ஒன்று நடந்தது. முழங்காலுக்கு மேலே சேற்றோடு வண்ணக்கர் வந்து சேர்ந்தார். பேத்தியைத் தூக்கி முகம் பார்த்தார், தலையைத் தடவினார், இறக்கிவிட்டார். பிறகு கதவைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில், ஆற்றுக்கு ஆள் போய்ச் சொல்ல, மீனவர் தலைவர் ஈரச் சாரனோடு வந்தார். பழைய மாணவர் தலைவர் பட்டு வேட்டியோடு, வாயில் வெற்றிலையோடு வந்தார். மூவர் கையிலும் திறப்பு. முன்னால் அகலத் திறந்த கதவு, அதில் பூட்டிய பூட்டு மூன்று.

மீனவர் தலைவர் தன் பூட்டை இழுத்துப் பார்த்தார். "என்ட பூட்டு நல்லாப் பூட்டித்தான் கிடக்கு" என்றார். யாரும் கேட்காத கேள்விக்கு அது பதில்.

"என்டதும்தான்" என்றார் பட்டு வேட்டிக்காரர்.

வண்ணக்கர் படியில் உட்கார்ந்தார். "நான்தான் கடைசியாப் பூட்டின" என்றார். "இவள் உள்ளுக்க இரிக்க, இழுத்துப் பார்த்துட்டுத்தான் போன."

அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் சங்கவியைப் பக்கத்து வீட்டுக்குக்கூட விடவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்து அவளிடம் சொன்னேன், "தகவல் தொழினுட்பம் வேணாம் மகள். சித்திரப் பாடம் எடு. உனக்கு நல்லா வரும்."

அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "சித்திர அறைக்கும் கதவு இருக்குத்தானே அம்மா" என்றாள்.

அடுத்த கிழமை சங்கம் கூடியது. வண்ணக்கர் எழும்பினார். இந்தத் தடவை இருமவில்லை. இருமாமலே கூட்டம் அமைதியாக இருந்தது. கணினிகள் எல்லாவற்றையும் வலயத்துக்கே திருப்பி அனுப்புவோம் என்றார். "புள்ளையள விடப் பெரிசா ஒண்டும் இல்ல. எங்களுக்கு இது சரிவராது." தாய்மார் பலர் தலையாட்டினார்கள். மீனவர் தலைவரும் ஓம் என்றார். அதிபர் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்; எண்ணெய்க்கறை போயிருக்கவில்லை.

பிறகு வண்ணக்கர் என் பக்கம் திரும்பினார். "உங்கட புள்ளயும்தான் உள்ளுக்க கிடந்தது. நீங்க சொல்லுங்க டீச்சர். நீங்க என்ன சொல்லுறீங்களோ அத செய்வம்."

இந்தத் தொழிலில் எனக்கு அதை விடக் கடினமான நேரம் வந்ததில்லை. ஸ்குரூ கழற்றியது அதன் பக்கத்திலும் வராது. தாயாக எனக்கு வேண்டியது அவர் சொன்னதுதான். லொறியை நானே கூட்டி வந்து ஏற்றிவிடத் தயாராக இருந்தேன். ஆனால் கூட்டத்தின் பின்வரிசைக்கு அப்பால், சன்னலுக்கு வெளியே, என் வகுப்புப் பிள்ளைகள் நின்றார்கள். நடுவில் சங்கவி. அவள் தலையாட்டவும் இல்லை, கையசைக்கவும் இல்லை. சும்மா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் எழும்பினேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எழும்பும்வரை எனக்குத் தெரியாது.

"ஐயா, சடங்குக்குக் கோயில் கதவு திறந்தா மறுகா எப்ப பூட்டுவீங்க?"

எங்கள் பகுதி அம்மன் கோயில்களில் ஆண்டுக்கு ஒருமுறைதான் கதவு திறப்பார்கள். அந்தக் கிழமை முழுக்க ஊரே கோயிலில்தான். அவருக்கு என் கேள்வி விளங்கவில்லை.

"சடங்கு முடியுமட்டும் பூட்டுறல்ல டீச்சர்."

"அந்தக் கிழமை நகையெல்லாம் அம்மன்ட கழுத்தில. கள்ளன் வரமாட்டானா?"

"எப்பிடி வாற? ஊர்ச் சனம் முழுக்க உள்ளுக்கயும் வெளியயும் இருக்கிற."

"அப்ப பூட்டு மூண்டும் ஆள் இல்லாத நாளைக்குத்தான். ஆள் இருக்கிற நாளைக்கு ஆள்தான் காவல்."

நான் கணினி அறைப் பக்கம் கையைக் காட்டினேன்.

"இந்த அறையையும் அப்பிடி வைப்பம். காலையில பிள்ளையள். பின்னேரம் ஊர்ச் சனம் வரட்டும். கட்டாரில இருக்கிற மகனோட ஐயா முகம் பார்த்துக் கதைக்கலாம். தலைவர் தோணி இறக்க முதல் காத்து எந்தப் பக்கம் எண்டு பார்க்கலாம். ஆள் இல்லாத அறையாத்தானே அது எங்கள இந்தப் பாடு படுத்தினது. சன்னல் பலகையக் கழட்டுவம். பூட்டு ஒண்டு போதும், திறப்பு பள்ளிக்கூடத்தில இருக்கட்டும்."

"அப்ப வருசம் முழுக்கச் சடங்கு எண்டுறீங்க" என்றார் வண்ணக்கர்.

"ஓம் ஐயா. அவிச்சுப் படைக்கிறது ஒண்டுதான் இல்ல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த கூட்டம் லொறிக்குச் சொல்லியனுப்பாது என்று எனக்குத் தெரிந்தது. உட்கார்ந்தேன்.

சன்னல்கள் திறந்தன. பழைய யு.பி.எஸ் எல்லாம் வெளியே போயின. பின்னேரங்களில் வண்ணக்கர் மகனோடு கதைக்க வந்தார். முதல்நாள் திரையில் மகன் முகத்தைக் கண்டதும், "ஏன்டா மனே மெலிஞ்சு போனாய்" என்று கேட்டு, அறையில் இருந்த எல்லோரையும் ஒவ்வொருவராக இழுத்து மகனுக்குக் காட்டினார். மீனவர் தலைவர் காலநிலையைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு நாளும் "இது பொய் சொல்லுது" என்பார். ஆனாலும் நாள் தவறாமல் வருவார். சமூகக்கல்வி ஆசிரியர் கை கழுவுவதை நிறுத்தினார்.

ஒரு வழக்கத்தை மட்டும் வண்ணக்கர் புதிதாக ஏற்படுத்தினார். பொழுதுபட அந்த ஒற்றைப் பூட்டைப் போடுவது தன் வேலை என்றார். பூட்டுமுன் வாசலில் நின்று, கோயிலில் கூப்பிடும் அதே குரலில் உள்ளே பார்த்துக் கேட்பார்: "ஆராவது உள்ளுக்க இரிக்கீங்களா?" மூன்று தரம் கேட்பார். கேட்டுவிட்டுக் குனிந்து மேசைகளுக்கு அடியிலும் பார்ப்பார். பிள்ளைகள் விடுவார்களா? மேசைக்கடியில் ஒளிந்துகொண்டு "இல்ல வண்ணக்கர் ஐயா" என்பார்கள். "இல்லாட்டிச் சரி" என்று அவரும் பூட்டை எடுப்பது போல நிற்பார். அலறிக்கொண்டு வெளியே ஓடி வருவார்கள். அனேகமாக ஒவ்வொரு நாளும் இது நடந்தது. ஒரு நாளும் அவர் கேட்காமல் பூட்டியதில்லை.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இதற்குள் இருக்கிறது. பிரித்து எடுத்து அடுக்கிக் காட்டப் போவதில்லை. பொருளைக் காப்பாற்ற ஊர் ஓர் ஒழுங்கு செய்தால் அதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்; அது அன்பில் செய்தது. ஆனால் அந்த ஒழுங்குக்குள் பிள்ளைக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆபத்தில் திறப்புக்காகக் காத்து நிற்காதீர்கள். உடைக்கத்தான் வேண்டுமென்றால் உடையுங்கள். அதற்கு முன் ஒருமுறை மறுபக்கத்தையும் பாருங்கள்.

போன மாதம் சங்கவியின் பாடசாலைக்குப் போனேன். வடக்கே, பனிச்சங்கேணிப் பாலம் தாண்டிப் போக வேண்டும். வர வேண்டாம் என்றாள். மதியச் சாப்பாடு கொண்டு வருகிறேன் என்று சாட்டுச் சொல்லிப் போனேன். முதலில் கதவைப் பார்த்தேன். உள்ளே இருப்பவர் கழற்றும்படி பிணைச்சல் உள்பக்கம் அடித்திருந்தது, கொண்டி சரியாக இருந்தது, சன்னல்கள் திறந்திருந்தன. விறாந்தையில் மெயின் சுவிட்ச் எங்கே என்று தேடிக் கண்டுபிடித்தேன். என் கைப்பையிலிருந்த ஸ்குரூ டிரைவரை அவளிடம் நீட்டினேன். அவள் தன் கைப்பையைத் திறந்து காட்டினாள். அங்கே ஒன்று கிடந்தது.

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாவிக் காற்று மண்ணை வாரி அடித்தது. கதவைக் கொஞ்சம் சாத்திவிட்டுப் போகும்படி சொன்னாள். கதவில் கை வைத்தேன். எனக்கு அது இன்னும் ஏலாது. வாசலில் நின்று, என்னை அறியாமல் வண்ணக்கர் குரலில் கேட்டேன்:

"ஆராவது உள்ளுக்க இரிக்கீங்களா?"

அறை முழுவதும் பிள்ளைகள். ஒரு கணம் திகைத்து என்னைப் பார்த்தார்கள். பிறகு கரும்பலகையடியில் நின்ற அவர்களுடைய டீச்சர் முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்:

"இல்ல அம்மா. ஒருத்தரும் இல்ல."